இஞ்ச் டேப்பில் அளந்த நரம்பு

என் அளவு நோட்டில் 2018 அக்டோபர் 16-க்குப் பிறகு என் கையெழுத்து இல்லை. அதற்கு அப்புறம் இருப்பதெல்லாம் தம்பியின் கோழிக்கிறுக்கல். தீபாவளிக்குச் சரியாக மூன்று வாரம் இருந்தது. ரங்கூனில் தமிழ் ஆட்களுக்குத் தைக்கிறவனுக்கு அதுதான் அறுப்புக் காலம். கடை அனவ்ரதா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் ஃப்ரேசர் தெரு என்றுதான் சொல்வார்கள். ரவிக்கை, பாவாடை, பர்மியப் பெண்களுக்கு எய்ஞ்சி என்கிற மேல்சட்டை, ஆண்களுக்குத் தைப்போன் சட்டை எல்லாம் தைக்கிறோம். தைப்போனுக்கு வைக்கும் முடிச்சுப் பொத்தானைத் துணியிலேயே திரித்து முடியவேண்டும். அது என் கைவேலை. அதற்காகவே சந்துக்குள் தேடிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

ஆளுயரக் கண்ணாடியின் ஆணி அன்றைக்குத்தான் பெயர்ந்தது. விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக்கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பிடித்தேன். ஒரு சில்லு வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக, மடிப்பு ரேகைக்கு மூன்று செண்டிமீட்டர் மேலே குத்தி இறங்கியது. லைனிங் துணியைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். வெளியே பார்த்தால் காயம் ஒரு இஞ்ச்கூட இல்லை. கண்ணாடிக் காயத்தின் குணமே அதுதான் என்று பிறகு தெரிந்தது. வாய் சின்னதாக இருக்கும், வயிறு பெரிதாக இருக்கும்.

முதலில் பார்த்த இடத்தில் கழுவினார்கள். விரலை மடக்கச் சொன்னார் டாக்டர். ஐந்தும் மடங்கின. புறங்கையில் தொட்டார், தெரிந்தது. "அச்சோ கௌன்டே" என்றார், அச்சோ நன்றாக இருக்கிறதாம். நாலு தையல் போட்டு அனுப்பிவிட்டார்.

இந்த 'அச்சோ'வைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழில் நமக்கு எல்லாமே நரம்புதான். புறங்கையில் பச்சையாகத் தெரிகிற ரத்தக்குழாயும் நரம்பு, விரலை இழுக்கிற நாணும் நரம்பு, மூளைக்குச் சேதி கொண்டுபோவதும் நரம்பு. பர்மியத்திலும் இதே கதை. மூன்றையும் அச்சோ என்றே சொல்லிவிடுவார்கள். அவர் சொன்னது விரலை மடக்குகிற நாணை. நான் கேட்டுக்கொண்டது உணர்வு நரம்பை. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, ஆனால் பதிமூன்று நாள் போய்விட்டது. யாராவது உங்களிடம் "நரம்பு நல்லா இருக்கு" என்றால், எந்த நரம்பு என்று கேளுங்கள். ரத்தக்குழாயா, தசைநாணா, உணர்வு நரம்பா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

அன்றைக்கு ராத்திரி சுண்டுவிரல் மரத்துக் கிடந்தது. தையல் போடும்போது குத்திய மரப்பு ஊசி இன்னும் இறங்கவில்லை என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். அந்த ஊசி சில மணி நேரத்தில் இறங்கிவிடும். விடிந்த பிறகும் விரல் மரத்திருந்தால் அது ஊசியின் வேலை இல்லை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எங்கள் அக்கா மகன் பிசியோதெரபி படித்தவன். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தவனிடம் விரல் மரத்திருக்கிறது என்றேன். அடுத்த நாள் வரும்போது தசையைத் தூண்டுகிற சின்ன மிஷினைக் கொண்டுவந்தான். தையலுக்குக் கீழே, மணிக்கட்டு ரேகை ஓரமாக வைத்து மெல்லக் கூட்டினான். சுண்டுவிரல் வெடுக்கென்று வெளிப்பக்கம் விலகியது.

"மாமா, பாருங்க, விரல் ஆடுது! நரம்பு ஓடுது!" என்றான்.

வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மனைவி சேமியாப் பாயசம் வைத்தாள். ஐந்தாம் நாளே, காயத்துத் தையலோடு, தையல் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. லோஞ்சியை இடுப்பில் செருகும்போது சுண்டுவிரல் மட்டும் தனியாக விலகி மடிப்பில் மாட்டிக்கொண்டது. ஊசியை இழுக்கக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்தால், கட்டைவிரலின் நுனிக்கணு தானாக மடங்கியது. முன்பெல்லாம் அது நேராக நின்று ஊசியை அமுக்கும். கத்தரி பிடித்தால் துணி நழுவியது. ஒன்பதாம் நாள் மருமகனை மறுபடி மிஷினோடு வரச் சொன்னேன். அதே இடம், அதே அளவு. ஒன்றும் ஆடவில்லை. கூட்டினான். சுரீரென்று தோல்தான் எரிந்தது. இன்னும் கூட்டினான். விரல் மரக்கட்டைபோலக் கிடந்தது. அவன் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்றைக்குத் தடின்ஜூ விளக்குத் திருவிழா. சந்து முழுக்க மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அவன் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா" என்றான்.

கைகளுக்கென்றே இருக்கிற அறுவை சயா ஒருவரிடம் போனோம். டாக்டரை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மடக்கச் சொல்லவே இல்லை. கண்ணை மூடச் சொன்னார். பேனா முனையால் ஒவ்வொரு விரலின் உள்பக்கச் சதையையும் தொட்டு, எந்த விரல் என்று கேட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மோதிர விரலில் பாதி தெரிந்தது, மறுபாதி தெரியவில்லை. சுண்டுவிரலில் அவர் தொட்டதே எனக்குத் தெரியாது. நடுவிரலை ஆள்காட்டி விரல்மேல் ஏற்றிப் பின்னச் சொன்னார், முடியவில்லை. ஒரு காகிதத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுத்தார். கட்டைவிரல் மடங்கியது. 1915-இல் ஃப்ரோமான் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிவைத்த சோதனை இது. "இதைத் துணியில் நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன் சயா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

முதல் இடத்தில் விரல்கள் ஏன் மடங்கின? விரலை மடக்குகிற தசைகள் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அல்நார் என்கிற இந்த நரம்பு அவற்றுக்கான கிளையை முழங்கை அருகிலேயே கொடுத்துவிட்டுத்தான் கீழே வருகிறது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டால் மடக்கும் வேலை கெடாது. கைக்குள்ளேயே இருக்கிற சின்னத் தசைகள்தான் போகும். விரல்களை விரிப்பது, சேர்ப்பது, ஊசியை இறுக்கிப் பிடிப்பது எல்லாம் அவற்றின் வேலை. புறங்கைக்குப் போகும் உணர்வுக் கிளையும் மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. அதனால்தான் புறங்கையில் தொட்டது தெரிந்தது. ஆக முதல் டாக்டர் பார்த்த இரண்டு சோதனையிலும் நான் பாஸ். பார்க்காத இரண்டில் ஃபெயில். மணிக்கட்டில் வெட்டுப்பட்டவர் யாராக இருந்தாலும் கண்ணை மூடச் சொல்லி விரல் நுனியின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். விரல்களை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை, டாக்டர் பட்டம் தேவையில்லை.

சரி, மூன்றாம் நாள் ஆடிய விரல் ஒன்பதாம் நாள் ஏன் ஆடவில்லை? இதைத்தான் சயாவிடம் முதலில் கேட்டேன். அவர் ஒரு காகிதத்தில் நீளமாக ஒரு கோடு போட்டார். ஒரு முனையில் வட்டம், மறுமுனையில் விரல். நரம்பு என்று நாம் சொல்வது ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த ஒரு கயிறு. ஒவ்வோர் இழையும் ஒரே ஒரு செல்லின் வால். அந்தச் செல் கையில் இல்லை, கழுத்துப் பக்கம் முதுகுத் தண்டிலும் அதை ஒட்டியும் இருக்கிறது. அங்கிருந்து சுண்டுவிரல் நுனிவரை, எங்கேயும் ஒட்டுப் போடாத ஒற்றை இழை. டேப் வைத்துப் பார்த்தேன், என் கைக்குக் கிட்டத்தட்ட ஒரு கஜம் வந்தது. ஒட்டில்லாமல் ஒரு கஜ நூல் என்றால் எனக்குப் புரியும். அந்த நூல் உயிரோடு இருக்கத் தேவையான சரக்கெல்லாம் கழுத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கவேண்டும் என்பதுதான் புதிது.

வெட்டுப்பட்டதும் கீழ்ப்பகுதிக்குச் சரக்கு நின்றுபோகிறது. ஆனால் அது உடனே சாவதில்லை. கையிருப்பை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் தாக்குப்பிடிக்கிறது. அந்த நாட்களில் வெட்டுக்குக் கீழே மின்சாரம் கொடுத்தால் அது இன்னும் சேதி கடத்தும், விரல் ஆடும். மருமகன் பார்த்தது அதைத்தான். வெட்டுக்கு மேலே வைத்துத் தூண்டியிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். வாரம் பத்து நாளில் அந்தக் கையிருப்பும் தீர்ந்து இழைகள் துண்டு துண்டாக உடைந்துவிடும். ஊசி குத்தித் தசையைப் பார்க்கிற பரிசோதனையில் பாதிப்பு சரியாகத் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அவசரப்பட்டுச் சோதித்தால் பொய்யான நல்ல சேதிதான் கிடைக்கும் என்றார் சயா. பாயசம் ஞாபகம் வந்தது.

இந்த அழிவை முதலில் விவரமாக எழுதியவர் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேயர், 1850-இல். தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை வெட்டி, நாளாக ஆக என்ன நடக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். வெட்டுக்கு அப்பால் இருக்கிற பகுதி மட்டும் முழு நீளத்துக்கும் சிதைந்தது. செல்லோடு ஒட்டியிருந்த பகுதி பெரும்பாலும் பிழைத்தது. இன்றைக்கும் இதை வாலர் சிதைவு என்றே சொல்கிறார்கள். கட்டுப்போட்ட கையோடு வேலையில்லாமல் கிடந்த மாதங்களில் மகளின் போனில் இதையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். என்னை மிகவும் யோசிக்கவைத்தது ஓர் எலிக் கதை. சரக்கு வராததால் இழை பட்டினி கிடந்து சாகிறது என்றுதான் நூறு வருஷத்துக்கு மேலாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1989-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வகை எலியைக் கவனித்தார்கள். அதன் நரம்பை வெட்டினாலும் கீழ்ப்பகுதி வாரக்கணக்கில் சாகாமல் கிடந்தது. அப்படியென்றால் மற்றவற்றில் நடப்பது பட்டினிச் சாவு மட்டும் இல்லை. இழைக்குள்ளேயே தன்னை அழித்துக்கொள்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2012-இல் அதில் சார்ம்1 என்ற புரதத்தின் பங்கைக் கண்டுபிடித்தார்கள். மேலேயிருந்து வருகிற ஒரு காவல் புரதம் தினமும் வந்து இதை அடக்கிவைக்கிறது. வரத்து நின்றால் சார்ம்1 விழித்து, இழையின் எரிபொருளைத் தீர்த்துவிடுகிறது. மரப்பு, எரிச்சல் நோய்களுக்கு இதை வைத்து மருந்து தேடுகிறார்கள்.

எதற்காகத் தன்னையே அழித்துக்கொள்ளவேண்டும் என்று முதலில் கோபம்தான் வந்தது. பழைய ரவிக்கையை ஆல்டர் பண்ணுகிறவனுக்கு அந்தக் கோபம் நிற்காது. பழைய தையலைப் பிரித்து, நூல் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் புதுத் தையல் ஓடும். நரம்பிலும் அப்படித்தான். இழையைச் சுற்றிக் கொழுப்பு உறை போட்டுக் காத்துவந்த ஷ்வான் செல்கள், வெட்டுப்பட்ட இரண்டொரு நாளில் அந்த வேலையை விட்டுவிடுகின்றன. உறையைத் தாங்களே உடைத்துத் தின்கின்றன, குப்பை அள்ள ரத்தத்திலிருந்து விழுங்கு செல்களைக் கூப்பிடுகின்றன. பிறகு பெருகி, பழைய குழாய்களுக்குள் வரிசையாக நின்று புது இழைக்கு வழிகாட்டக் காத்திருக்கின்றன. மூளையிலும் தண்டுவடத்திலும் இந்தத் துப்புரவு மிக மெதுவாக நடக்கிறது. அங்கே இழைகள் திரும்ப வளராததற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இதில் எனக்கு உறைத்த விஷயம் ஒன்றுதான். நரம்பைத் தைத்தாலும் கீழே செத்த பகுதி உயிர்க்காது. தைப்பது மேலேயிருந்து முளைக்கிற புது இழைகளுக்குப் பழைய குழாயின் வாசலைக் காட்டத்தான். ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே விரல் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். துணியை ஒட்டினால் ஒட்டியதுதானே! அப்படி நம்பிப் போய், மூன்றாம் மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் என்றார் சயா.

பதிமூன்றாம் நாள், அக்டோபர் 29, ஆபரேஷன். ஒரு தசைநாண் பாதி வெட்டுப்பட்டிருந்தது, ரத்தக்குழாய் தப்பியிருந்தது, நரம்பு முழுசாகத் துண்டாகியிருந்தது. நசுங்கிய முனைகளைக் கத்தரித்துவிட்டு, தலைமுடியைவிட மெல்லிய 9-0 நைலானால் நரம்பின் மேலுறையோடு மேலுறை சேர்த்துத் தைத்தார்கள். எப்படி நேராக வைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். நரம்பின் மேலே ஓடுகிற பொடி ரத்தக்குழாய்களையும் உள்ளே தெரிகிற இழைக் கட்டுகளையும் இரண்டு பக்கமும் பொருத்தவேண்டுமாம். கட்டம்போட்ட லோஞ்சியில் பக்கத் தையல் போடும்போது கட்டத்தோடு கட்டம் சேர்க்கிற அதே வேலை. இழுத்துத் தைக்கக்கூடாது என்பதும் அதே. இன்னும் சில வாரம் தள்ளிப்போயிருந்தால் முனைகள் சுருங்கி விலகி, காலிலிருந்து வேறொரு நரம்பை எடுத்து ஒட்டுப்போட வேண்டியிருக்கும் என்றார். அந்த வகையில் தப்பித்தேன். தீபாவளி அன்று மாவுக்கட்டோடு கல்லாவில் உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரத்தில் கட்டைப் பிரித்தார்கள். சயாமா, பிசியோ பெண், முதலில் சொன்ன கணக்கை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். முதல் மூன்று நாலு வாரம் தயக்கம், அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஒரு இஞ்ச். எவ்வளவு வசதி! டேப்பை எடுத்து வெட்டிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை வைத்தேன், ஆறேகால் இஞ்ச். ஏழு மாதத்துக்கு மேல். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே இருக்கிற சதைக்கு நாலே முக்கால் இஞ்ச்.

வளர்ச்சி எங்கே வந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே பார்க்க ஒரு வழி உண்டு. நரம்பு ஓடும் பாதையில் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், புது இழையின் நுனி இருக்கிற இடத்தில் சுண்டுவிரலுக்குள் எறும்பு ஊர்வதுபோல, லேசாக மின்சாரம் பிடித்ததுபோல இருக்கும். முதல் உலகப்போரின்போது, 1915-இல், எதிரெதிர் நாட்டுக்காரர்களான டினெல் என்ற பிரெஞ்சுக்காரரும் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாக இதை எழுதினார்கள். மாதம் முதல் தேதி தட்டிப் பார்த்து, ஊர்கிற இடத்தில் தையல் சாக்பீஸால் கோடு போட்டு அளந்து எழுதுவேன். ஜனவரி ஒன்றில் வெட்டிலிருந்து ஒன்றே கால் இஞ்ச். பிப்ரவரியில் இரண்டேகால். மார்ச்சில் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். தம்பி "அண்ணே, நரம்புக்கு ரவிக்கை தைக்கப் போறீங்களா" என்று கேலி செய்வான். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிமானம். கையில் வேறு எந்த மாற்றமும் தெரியாத மாதங்கள் அவை.

அந்த மாதங்களில் விரலுக்குக் காவல் நாம்தான். டிசம்பரில் ஒரு நாள் பட்டுப் பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற வாடை வந்தது. துணிதான் போச்சு என்று பெட்டியைத் தூக்கினேன். துணி நன்றாக இருந்தது. சுண்டுவிரலின் பக்கவாட்டுத் தோல் வெள்ளையாக வெந்து பெட்டியில் ஒட்டியிருந்தது. வலி துளிகூட இல்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதம் ஆனது. உணர்வில்லாத தோலில் புண் ஆறத் தாமதமாகும், வேர்வை வராமல் வறண்டு வெடிக்கவும் செய்யும். அதற்குப் பிறகு இஸ்திரி, அடுப்பு, டீ கிளாஸ் எதைத் தொட்டாலும் இடது கை முதலில். ராத்திரி படுக்கும் முன் விளக்கடியில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கும் இதே விதிதான், இடம்தான் கால்.

மோதிர விரலும் சுண்டுவிரலும் பருந்துக் காலாட்டம் வளைய ஆரம்பித்தன. சும்மா விட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும், பிறகு நரம்பு வந்தாலும் பிரயோஜனமில்லை. இடது கையால் ஒவ்வொரு மூட்டையும் நீட்டி மடக்கி, ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. சயாமா பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி வார்த்துக் கொடுத்தார். வெயிலில் வேர்த்து அரித்தது. அதைப் பார்த்து அகல எலாஸ்டிக்கில் நானே ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டேன். அவர் மாட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு பேருக்குத் தைத்துத் தரச் சொன்னார். அந்த வருஷத்தில் என் ஒரே சொந்த ஆர்டர்.

வைத்தியம் சொல்லாத ஆளில்லை. பக்கத்து வீட்டு ஆச்சி மூலிகை எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். தழும்பும் வறண்ட தோலும் அதில் இளகின, பொய் சொல்லக்கூடாது. நரம்பு அதில் வளரவில்லை. நரம்பு மாத்திரை என்று கடைகளில் கொடுப்பது பெரும்பாலும் பி வைட்டமின். சத்துக் குறைவு இருப்பவருக்குத் தேவை, வெட்டுப்பட்ட நரம்பை அது ஒட்டாது. சயா கேட்டது இரண்டுதான். சுருட்டை விடு, சர்க்கரை இருக்கிறதா என்று பார். விட்டேன். கூன்யா என்கிற வெற்றிலைப் பாக்கில் போடும் புகையிலையையும் விட்டேன், அது சுருட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

மச்சான் ஒருவர், "எனக்கும் கை மரத்துத் தொங்கிச்சு, ரெண்டு மாசத்துல சரியாயிடுச்சே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். அவருக்கு நாற்காலிக் கையில் கையைப் போட்டுத் தூங்கி நரம்பு அமுங்கியது. செடன் என்ற டாக்டர் 1943-இல் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். இழை முறியாமல் சேதி மட்டும் நிற்பது முதல் வகை. அது வாரங்களில், சில மாதங்களில் திரும்பிவிடும். இழை முறிந்து குழாய் தப்புவது இரண்டாவது. அதில் கீழ்ப்பகுதி அழிந்தாலும் புது இழைக்குப் பழைய வழியே இருக்கும். குழாயோடு எல்லாம் துண்டாவது மூன்றாவது. அது தைக்காமல் வராது. மச்சான் முதல் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. ஒருவர் குணமான கணக்கை மற்றவர் கைக்குப் போடக்கூடாது.

2019 தின்ஜான் தண்ணீர்த் திருவிழாவில் எல்லோரும் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தோம். மூன்று மணி நேரம் ஊறிய பிறகு கையைப் பார்க்கிறேன். நாலு விரல் நுனியும் சுருங்கிக் காய்ந்த திராட்சையாக இருந்தன. சுண்டுவிரல் மட்டும் வழவழவென்று, ஊறாதது மாதிரி இருந்தது. மோதிர விரலைத் திருப்பினேன். நடுவே கோடு கிழித்தாற்போல ஒரு பாதி சுருக்கம், ஒரு பாதி வழவழப்பு. நனைந்தால் விரல் சுருங்குவதுகூட நரம்பின் வேலையாம். சொல்லத் தெரியாத குழந்தைகளுக்கு நரம்புக் காயம் இருக்கிறதா என்று பார்க்க இதைப் பயன்படுத்துவது உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் கையை வைத்தால் போதும்.

அந்த மாதத்தில்தான் சுண்டுவிரலடியில் இருக்கிற சதை முதன்முதலில் துடித்தது. விரல் நகரவில்லை, சதை மட்டும் மீன் புரண்டதுபோல ஒரு தடவை அசைந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் நின்றுவிட்டது. "எங்கே, காட்டுங்க" என்கிறாள், வரமாட்டேன் என்கிறது. நரம்பில்லாத தசை ஒன்றரை வருஷம்போல்தான் காத்திருக்கும். அதற்குமேல் நார்பிடித்துப்போனால் இழை வந்து சேர்ந்தாலும் வேலை செய்யாது. முழங்கைக்கு மேலே வெட்டுப்பட்டவர்களுக்குக் கையின் சின்னத் தசைகள் முழுசாகத் திரும்புவது கஷ்டம் என்பது இந்தக் கணக்கால்தான். என் காயம் மணிக்கட்டில் இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஜூலையில், நல்ல மழை நாளில், சுண்டுவிரல் நுனி தெரிந்தது. தெரிந்தது என்றால், தப்பாகத் தெரிந்தது. சுண்டுவிரலைத் தொட்டால் மோதிர விரலில் தொட்டதுபோல இருந்தது. வெல்வெட் முள்ளாகக் குத்தியது. இழைகள் பல பழைய குழாயை விட்டுப் பக்கத்துக் குழாயில் நுழைந்துவிடும். மூளை பழைய விலாசத்தையே வைத்துக்கொண்டு படிக்கும். மூளைக்குப் புது விலாசம் சொல்லிக்கொடுக்கவேண்டும். அதற்கு என் கடையைப்போலப் பள்ளிக்கூடம் கிடைக்காது. வெட்டுத் துணிகளை ஒரு பெட்டியில் போட்டேன். சாட்டின், காட்டன், ஜார்ஜெட், கார்டுராய், சாக்கு, அச்செய் நெசவுத் துண்டு. முதலில் கண்ணால் பார்த்துக்கொண்டே தடவுவது, அப்புறம் கண்ணை மூடித் தடவுவது, சந்தேகம் வந்தால் இடது சுண்டுவிரலால் தடவி ஒப்பிடுவது. பத்துப் பத்து நிமிஷமாக ஒரு நாளைக்கு நாலு தடவை. மகள்தான் பரீட்சை வைப்பாள். சாக்கையும் கார்டுராயையும் பிரித்தறிய மூன்று வாரம் ஆனது. சாட்டினையும் ஜார்ஜெட்டையும் அந்த விரல் இன்னும் குழப்பிக்கொள்கிறது.

2020 மார்ச்சில் கொரோனா வந்து ஆஸ்பத்திரிப் போக்குவரத்து நின்றது. அதற்குள் வரவேண்டியதில் பெரும்பகுதி வந்துவிட்டது. விரல்களை விரிக்கிறேன், ஆள்காட்டிமேல் நடுவிரலை அரைகுறையாக ஏற்றுகிறேன். சதை வற்றி விழுந்த குழி கொஞ்சம் நிரம்பியிருக்கிறது. மாண்டலே போகும் ஏசி பஸ்ஸில் மோதிர விரலும் சுண்டுவிரலும் குளிரில் வலிக்கும், உறை போட்டுக்கொள்வேன். சுண்டுவிரல் எப்போதும் மெல்லிய துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டிருப்பதுபோல இருக்கிறது.

கத்தரி பழையபடி பிடிக்கிறேன். முடிச்சுப் பொத்தான் ஒரு சட்டைக்கு ஐந்து வைக்கிறோம். நாலு பொத்தான்வரை என் கை தாங்கும். ஐந்தாவதற்குத் திரிக்கும்போது கட்டைவிரல் நுனி மடங்க ஆரம்பித்துவிடும். அதைத் தம்பியிடம் நீட்டுவேன். அவன் முடிச்சு என்னுடையதைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்கும். எந்தப் பொத்தான் யார் கட்டியது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.